சாயம் அடிக்கும் முன் சுவரைப் பாருங்கள்



தீபாவளி நெருங்கிவிட்டால் கிள்ளான், காப்பார், செந்தூல், பிரிக்பீல்ட்ஸ் என்று எந்தப் பக்கம் போனாலும் வீடுகளில் சாய வாசம் வீசும். சுவருக்குப் புதுச் சாயம் ஏறினால்தான் நமக்குப் பண்டிகை வந்த மாதிரி இருக்கும். ஆனால் அதே அக்டோபர், நவம்பர் மாதங்களில்தான் கிள்ளான் பள்ளத்தாக்கில் மழையும் வலுக்கிறது. மழையில் ஊறிய சுவரின் மூலையில் கறுப்புக் கறுப்பாய்ப் புள்ளிகள் தெரியும். ஈரத்துணியால் துடைத்துவிட்டு, மேலே இரண்டு கோட்டு சாயம் அடித்து, அதன்மேல் புது நாட்காட்டியை மாட்டிவிடுகிறோம். பொங்கலுக்குள் அதே இடத்தில் அதே புள்ளிகள் திரும்பி வந்திருக்கும். அந்த அறையில் படுக்கும் பிள்ளைக்கு இருமல் மட்டும் போன வருடத்திலிருந்தே போகவில்லை.

இந்த இதழில் அந்தப் புள்ளிகளைப் பற்றிப் பேச விரும்புகிறேன். சுவரில் பூக்கும் பூஞ்சணமும் பிள்ளையின் இருமலும் ஒரே சங்கதியாக இருக்கலாம் என்பது பல வீடுகளில் இன்னும் யாருக்கும் தோன்றவில்லை.

நம் தாய்மார்களிடம் கேட்டுப் பாருங்கள். பிள்ளை காலையில் எழுந்ததும் வரிசையாகத் தும்முகிறது, மூக்கைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறது, இரவில் நெஞ்சு கீச்சுக் கீச்சென்று இழுக்கிறது என்றால் அவர்கள் சொல்லும் காரணங்கள் நமக்கு மனப்பாடம். நேற்றுத் தலைக்குக் குளித்தான், ஐஸ் தண்ணீர் குடித்தான், மழையில் நனைந்தான். கற்பூரவள்ளிச் சாறும் நொச்சி ஆவியும் கொடுப்பார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, கொஞ்ச நேரம் இதமாகத்தான் இருக்கும். ஆனால் சளிக்காய்ச்சல் என்பது ஒரு வாரம், பத்து நாளில் விட்டுப் போவது. காய்ச்சலே இல்லாமல் மாதக்கணக்கில் மூக்கு ஒழுகுகிறது, பாட்டி வீட்டுக்குப் போனால் நின்றுவிடுகிறது, தன் அறைக்குத் திரும்பியதும் மறுபடி தொடங்குகிறது என்றால் பிள்ளையைப் பார்த்தது போதும், அறையைப் பார்க்க வேண்டும்.

பூஞ்சை தன் இனத்தைப் பரப்புவது வித்துகளால். நம் வீடுகளில் அதிகம் காணப்படும் ஆஸ்பர்ஜில்லஸ், பெனிசிலியம் வகைகளின் வித்து ஒவ்வொன்றும் 2 முதல் 5 மைக்ரான் அளவுதான். ஒரு தலைமுடியின் பருமன் சுமார் 70 மைக்ரான் என்றால் இது எவ்வளவு நுண்ணியது என்று பாருங்கள். மூக்கில் தங்காமல் நேரே நுரையீரலின் சிறு குழாய்கள் வரை போய்விடும். பெரும்பாலோருக்கு அதனால் எதுவும் ஆவதில்லை. நாம் எல்லோரும் தினமும் இந்த வித்துகளைச் சுவாசித்துக்கொண்டுதான் இருக்கிறோம். சிலருடைய உடல் மட்டும் அதை எதிரி என்று குறித்துவைத்துக்கொள்கிறது. ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளை உண்டாக்கி, மூக்கிலும் மூச்சுக்குழாயிலும் உள்ள செல்களில் அதைப் பொருத்திவைக்கிறது. அடுத்த முறை அதே வித்து உள்ளே வந்ததும் அந்தச் செல்கள் ஹிஸ்டமினைக் கொட்டுகின்றன. தும்மல், கண் அரிப்பு, மூக்கடைப்பு, இளைப்பு எல்லாம் அதன் விளைவு.

இது புதிதாகக் கண்டுபிடித்த நோயும் இல்லை. 1873இல் மான்செஸ்டர் மருத்துவர் சார்லஸ் பிளாக்லி வைக்கோல் காய்ச்சலைப் (ஹே ஃபீவர்) பற்றி எழுதிய நூலில், பூஞ்சை வித்துகளைத் தாமே முகர்ந்து பார்த்ததையும், அதனால் தொண்டை கட்டி அவதிப்பட்டதையும் பதிவு செய்திருக்கிறார். ஒவ்வாமையைக் குறிக்கும் ‘அலர்ஜி’ என்ற சொல்லை வியன்னா மருத்துவர் கிளெமன்ஸ் ஃபான் பிர்கே உருவாக்கியது 1906இல். அந்தச் சொல் பிறக்கும் முன்பே, பூஞ்சணம் மூச்சைப் பிடிக்கும் என்பது தெரிந்துவிட்டது.

நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். கோலாலம்பூரில் ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. பூஞ்சணத்துக்கு ஈரமும் தின்ன ஏதாவதும் இருந்தால் போதும். பிளைவுட், காகிதம், சாயத்தில் உள்ள பசை, மெத்தையில் உதிர்ந்த தோல் எதுவானாலும் அதற்குச் சாப்பாடுதான். நனைந்த பொருள் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயாவிட்டால் அது முளைவிடத் தொடங்கிவிடும்.

இதை எங்கே பார்ப்பது என்று கேட்டால், துணி அலமாரிக்குப் பின்னால் பாருங்கள் என்பேன். வெளிச்சுவரை ஒட்டியோ, ஏர்கோன் ஓடும் பக்கத்து அறையின் சுவரை ஒட்டியோ நிற்கும் அலமாரியை ஓர் அடி முன்னால் இழுங்கள். முதலில் வாடை வரும். மழையில் நனைந்த கோணிச் சாக்கின் வாடை அது. அலமாரியின் முதுகுப் பலகை உப்பியிருக்கும், விரலால் அழுத்தினால் அமுங்கும். சுவரில் சிறு வட்டங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து கறுப்பும் சாம்பல் பச்சையுமாய்ப் படர்ந்திருக்கும். உள்ளே அடித்தட்டில் தோல் பெல்ட் வெள்ளை பூத்திருக்கும். கல்யாணத்துக்கு வாங்கிய பட்டுப்புடவையின் மடிப்பில் பழுப்புப் புள்ளிகள் இருக்கும். பக்கத்து அறையில் இரவெல்லாம் ஏர்கோனை 16 டிகிரியில் வைத்தால் நடுச்சுவர் குளிர்ந்துவிடுகிறது. இந்தப் பக்கத்து ஈரக்காற்று அந்தக் குளிர்ச்சுவரில் பட்டு நீராய்ப் படிகிறது. கூரை ஒழுகாத வீட்டிலும் பூஞ்சணம் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பூஞ்சணம் தெரியாத சங்கதி இல்லை. கித்தா ஷீட்டைப் புகைக்கூடத்தில் ஏற்றி நாட்கணக்கில் புகை போட்டது, ஈரம் போய்ப் பூஞ்சணம் பிடிக்காமல் இருப்பதற்கும்தான். ஷீட்டில் பூஞ்சணம் தெரிந்தால் தரம் இறங்கும், விலை இறங்கும், பெரிய கிராணியிலிருந்து துரை வரைக்கும் கேள்வி கேட்பார்கள். சரக்கின்மேல் இருந்த அந்தக் கண் தொழிலாளியின் சுவாசத்தின்மேல் இருந்ததில்லை. செம்பனைக்கும் ஒரு பூஞ்சை எதிரி உண்டு. மரத்தின் அடியை அழுகவைக்கும் கானோடெர்மா அது. அந்தக் காளான் இனம் காற்றில் தூவும் வித்துகளும் சிலருக்கு ஒவ்வாமையைத் தருபவை. தோட்டம் துண்டாடப்பட்டு, லயத்தை விட்டுக் கிள்ளானுக்கும் பூச்சோங்குக்கும் அடுக்குமாடிக்குக் குடிவந்த குடும்பங்கள், பலகைச் சுவரின் இடுக்கில் காற்று ஓடிய வீட்டிலிருந்து, ஜன்னலே இல்லாத குளியலறையும் துணி காயப்போட இடமில்லாத பின்கட்டும் உள்ள வீட்டுக்கு வந்தன. பிரிக்பீல்ட்ஸின் பழைய வீடுகளிலும் கடைவீடுகளிலும் ஜன்னலுக்கு மேலே காற்றுத்துளைகள் வைத்துக் கட்டியிருப்பதை இன்றும் பார்க்கலாம். ஏர்கோனுக்காக அந்தத் துளைகளைப் பலகை வைத்து அடைத்திருப்பதையும் பார்க்கலாம்.

2021 டிசம்பர் 18ஆம் தேதியை இந்தப் பக்கத்தில் நினைவுபடுத்தாமல் இருக்க முடியாது. கிள்ளானை ஒட்டிய ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் அன்று தண்ணீர் முதல் மாடியைத் தொட்டது. மக்கள் கூரையில் ஏறிப் படகுக்காகக் காத்திருந்தார்கள். நாடு முழுவதும் அந்த வெள்ளத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நாட்டுக்கு ஏற்பட்ட இழப்பு 610 கோடி ரிங்கிட் என்று புள்ளிவிவரத்துறை கணக்கிட்டது. கோயில்களும் குருத்துவாராக்களும் பள்ளிவாசல்களும் சமைத்து அனுப்பின, முன்பின் அறியாத இளைஞர்கள் வந்து சேறு வாரினார்கள். அந்த நாட்களை நினைத்தால் இன்றும் நெஞ்சு நெகிழ்கிறது. ஆனால் சேறு வாரியதோடு உதவி நின்றுவிட்டது. ஊறிய சுவர் காய வாரங்கள் ஆகும். வேறு வழியில்லாமல் குடும்பங்கள் அந்த ஈரச்சுவருக்கு நடுவிலேயே படுத்தன. நனைந்த மெத்தையை வெயிலில் காயவைத்து மறுபடியும் போட்டுக்கொண்டன. மெத்தையும் சோபாவும் உள்ளே ஊறிவிட்டால் காய்ந்தாலும் பயனில்லை, தூக்கிப் போடத்தான் வேண்டும். புதிதாக வாங்கப் பணம் இல்லாதவனிடம் அதைச் சொல்வது எளிதில்லை என்பதும் தெரிந்தே எழுதுகிறேன். அடுத்த வெள்ளத்தில் உதவிக்குப் போகும் நம் சங்கங்கள் அரிசி, பருப்போடு மெத்தையையும் என்95 முகக்கவசத்தையும் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

பூஞ்சணம் ஏழை வீட்டுக்கு மட்டும் வருவதில்லை. 2004இல் ஜொகூர் பாருவில் புதிதாகத் திறந்த சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனையையே பூஞ்சணம் பரவியதால் தற்காலிகமாக மூட வேண்டியதாயிற்று. கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டிய மருத்துவமனைக்கே வரும் என்றால், உங்கள் வீட்டில் வந்ததற்காக நீங்கள் கூனிக்குறுக வேண்டியதில்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பூஞ்சணம் என்றதும் வீட்டுப் பெண்ணின் சுத்தத்தைத்தான் முதலில் சந்தேகிக்கிறார்கள். அந்த வெட்கத்தால்தான் சாயம் அடித்து மறைக்கிறோம், விருந்தாளி வரும்போது சாம்பிராணி போட்டு வாடையை அமுக்குகிறோம். சாம்பிராணிப் புகையும் ஊதுவத்திப் புகையும் ஏற்கெனவே இளைப்பு உள்ள பிள்ளையின் மூச்சுக்குழாயை இன்னும் சுருக்கும். சாமிக்குக் காட்டுவதைக் காட்டுங்கள், ஜன்னலைத் திறந்துவைத்துக் காட்டுங்கள். வாடையை அமுக்குவதற்காக மட்டும் புகை போடாதீர்கள்.

குடியிருப்பவரையே குற்றவாளியாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு சாட்சி இருக்கிறது. ரோச்டேல் நகரின் வாடகை வீடு ஒன்றில் பூஞ்சணம் படர்ந்திருப்பதாக ஒரு சூடானியக் குடும்பம் பலமுறை முறையிட்டது. நீங்கள் புழங்கும் விதம் சரியில்லை, குளிக்கும் விதம் சரியில்லை என்று காரணம் அவர்கள்மேலேயே போடப்பட்டது. 2020 டிசம்பரில், இரண்டு வயது நிறைந்த சில நாட்களில், அந்தக் குடும்பத்தின் மகன் அவாப் இஷாக் இறந்தான். நெடுநாள் பூஞ்சணத்தைச் சுவாசித்ததால் மூச்சுமண்டலம் பாதிக்கப்பட்டே இறந்தான் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை முடிவு வந்தது. அவன் பெயராலேயே அங்கே சட்டம் பிறந்தது. 2025 அக்டோபர் முதல், சமூக வீடமைப்பு நிறுவனங்கள் ஆபத்தான ஈரத்தையும் பூஞ்சணத்தையும் பற்றிய புகார் வந்தால் 10 வேலைநாட்களுக்குள் வந்து ஆராய வேண்டும், உயிருக்கு ஆபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் செயல்பட வேண்டும்.

நம் நாட்டில் நிலைமை என்ன? வேலையிடக் காற்றுக்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத்துறை 2010இல் வெளியிட்ட உட்புறக் காற்றுத்தர நெறிமுறைப்படி, ஒரு கன மீட்டர் காற்றில் பூஞ்சைக் கணக்கு 1,000ஐத் தாண்டக்கூடாது, ஈரப்பதம் 40 முதல் 70 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். அலுவலகத்தில் வேலை செய்பவர்கள் இதைச் சுட்டிக்காட்டிக் கேட்கலாம். அந்த நெறிமுறை வீட்டுக்குப் பொருந்தாது. ஆனால் அடுக்குமாடிக்காரர்களின் கையில் இன்னொன்று இருக்கிறது, நம்மில் பலர் அதைப் பயன்படுத்துவதே இல்லை. 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டத்தின் கீழ் 2015இல் வந்த விதிமுறைகள், மேல்மாடியிலிருந்து கசியும் நீரைப் பற்றித் தனியாகவே பேசுகின்றன. கூரையில் ஈரக்கறை தெரிந்தாலே போதும், அது கசிவுக்குச் சான்று. நீங்கள் எழுத்தில் புகார் கொடுத்தால் நிர்வாகம் 7 நாட்களுக்குள் வந்து பார்க்க வேண்டும். காரணம் யார் பக்கம் என்று சான்றிதழும் கொடுக்க வேண்டும். வேறு காரணம் நிரூபிக்கப்படும்வரை கோளாறு மேல்வீட்டில் இருப்பதாகவே விதி கொள்கிறது. நிர்வாகம் அசையாவிட்டால் ஸ்ட்ராட்டா நிர்வாகத் தீர்ப்பாயம் இருக்கிறது. புது வீடு வாங்கியவர்களுக்குச் சாவி கைக்கு வந்த நாளிலிருந்து 24 மாதங்கள் கட்டுமானக் குறைகளைச் சரிசெய்யும் பொறுப்பு மேம்பாட்டாளருடையது. லிப்டில் பார்த்தபோது வாயால் சொன்னேன் என்பது எங்கும் எடுபடாது. படம் எடுத்து, தேதி போட்டு, கடிதமாகக் கொடுத்து, ஒரு பிரதியில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒன்றைப் பயமுறுத்தாமல் சொல்ல வேண்டும். கறுப்புப் பூஞ்சணம் என்றாலே விஷம், மூளையைத் தாக்கும், ஞாபகசக்தி போகும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. நிறத்தைப் பார்த்து எந்த வகை என்று யாராலும் சொல்ல முடியாது. அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் 2004இல் எல்லா ஆய்வுகளையும் அலசி வெளியிட்ட அறிக்கையில், ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீட்டுக்கும் மூக்கு, தொண்டைத் தொல்லை, இருமல், இளைப்பு, ஆஸ்துமா முற்றுவது ஆகியவற்றுக்கும் தொடர்பு உண்டு என்பதற்குப் போதிய ஆதாரம் இருப்பதாகச் சொன்னது. மற்றப் பயங்களுக்கு அந்த அளவு ஆதாரம் இல்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2009 வழிகாட்டியும் இத்தனை வித்து வரை பரவாயில்லை என்று எண் எதுவும் வைக்கவில்லை, ஈரத்தைப் போக்குங்கள் என்றுதான் சொன்னது. இன்னொன்று, நம் நாட்டில் ஒவ்வாமையைக் கிளப்புவதில் தூசுப்பூச்சிகள்தான் முதலிடத்தில் இருக்கின்றன. அவையும் ஈரத்தில்தான் பெருகுகின்றன. வீட்டைக் காயவைத்தால் இரண்டும் குறையும்.

சுவரில் மூன்றடிக்கு மூன்றடிக்குள் பூஞ்சணம் இருந்தால் நீங்களே சுத்தம் செய்யலாம். பிள்ளையையும் இளைப்பு உள்ளவரையும் வெளியே அனுப்பிவிட்டு, என்95 கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு, சவர்க்காரத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி நன்றாகக் காயவிடுங்கள். காய்ந்ததைத் துடைப்பத்தால் தட்டினால் வித்து அறையெல்லாம் பறக்கும். குளோரோக்ஸ் போன்ற வெளுப்பானைப் பயன்படுத்தினால் அதை வேறு எந்தக் கழிவறைத் திரவத்தோடும் கலக்கக்கூடாது, நச்சுவாயு வரும். ஆனால் எவ்வளவு தேய்த்தாலும் தண்ணீர் வரும் வழியை அடைக்காதவரை அது திரும்பி வரும். குழாய்க் கசிவா, கூரை ஓடா, ஜன்னல் ஓரத்து வெடிப்பா என்று தேடிக் கண்டுபிடித்து அடைத்த பிறகுதான் சாயம். அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். ஏர்கோன் வடிகட்டியை இரு வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள். விடியற்காலையில் வெளிக்காற்றில்தான் ஈரம் அதிகம், வெயில் ஏறிய பிற்பகலில் குறையும். ஜன்னலைத் திறக்க நல்ல நேரம் அதுதான். துணியைப் படுக்கையறையில் காயப்போடாதீர்கள்.

பிள்ளையோ பெரியவரோ, மாதக்கணக்கில் தும்மலும் இளைப்பும் இருந்தால் அரசாங்க சுகாதார கிளினிக்கில் காட்டுங்கள். குடிமக்களுக்கு அங்கே கட்டணம் 1 ரிங்கிட்தான். மருத்துவரிடம் வீட்டில் பூஞ்சணம் இருக்கிறது என்பதை நீங்களே சொல்லுங்கள், அவராகக் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். தேவைப்பட்டால் தோல் பரிசோதனைக்கோ ரத்தத்தில் ஐஜிஇ பரிசோதனைக்கோ எழுதித் தருவார். தோல் பரிசோதனைக்குச் சில நாட்களுக்கு முன்பே தும்மல் மாத்திரையை நிறுத்த வேண்டியிருக்கும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். நீல நிற இன்ஹேலரை மட்டும் நம்பியிருக்கும் வாசகர்கள் நம்மிடையே நிறையப் பேர். அது அந்த நேரத்து மூச்சுத்திணறலைத் தணிக்கும், உள்ளே இருக்கும் வீக்கத்தைக் குறைக்காது. பெரியவர்களும் பதின்ம வயதினரும் அதை மட்டும் வைத்துச் சமாளிப்பதை ஜீனா என்ற உலக ஆஸ்துமா வழிகாட்டி 2019 முதல் ஏற்பதில்லை. தடுப்பு இன்ஹேலரைப் பழக்கமாகிவிடும் என்று பயந்து நிறுத்தாதீர்கள்.

ஆஸ்துமா உள்ள பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. மருந்து எடுத்தும் அடங்காமல், இருமினால் பழுப்பு நிறத்தில் கெட்டியாகச் சளிக்கட்டி வந்தால், ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சைக்கு நுரையீரலே ஒவ்வாமை கொண்டிருக்கலாம். ஏபிபிஏ என்று மருத்துவர்கள் சொல்லும் இந்த நோயை 1952இல் லண்டனில் முதலில் விவரித்தார்கள். இந்தியாவில் இதைக் காசநோய் என்று நினைத்து மாதக்கணக்கில் அந்த மருந்தைக் கொடுத்த கதைகள் ஏராளம். சளியில் காசநோய்க் கிருமி இல்லை என்று தெரிந்த பிறகும் இருமல் நிற்கவில்லை என்றால், ‘இது பூஞ்சையாக இருக்குமா, டாக்டர்?’ என்று கேட்கத் தயங்காதீர்கள்.

இந்த வாரக் கடைசியில் ஒரு மணி நேரம் ஒதுக்கி அலமாரியை முன்னால் இழுத்துப் பாருங்கள். கூரையில் ஈரக்கறை இருந்தால் திங்கட்கிழமையே நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுங்கள். மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதச் சிரமப்படும் பெரியவர்கள் உங்கள் மாடியில் இருந்தால் அவர்களுக்காகவும் ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள். தீபாவளிச் சாயத்தை அந்தச் சுவர் காய்ந்த பிறகு அடித்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
ஆசிரியர்